பரல் நிரம்பிய பிறகு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலையகத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள் என்றால் பலருக்குச் சிரிப்புத்தான் வரும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டுகிறது, இங்கே தண்ணீருக்கா பஞ்சம் என்பார்கள். ஆனால் மாசி பங்குனியில் அதே ஆட்கள்தான் வாளியும் கையுமாகத் தண்ணீர் எடுக்கும் பீலியடியில் வரிசையில் நிற்பார்கள். பதுளை, பசறைப் பக்கம் காலம் மாறிவரும். அங்கே மார்கழியில் அடைமழை. ஆனி, ஆடியில் காய்ந்த காற்று.

சரி, எவ்வளவு பிடிக்கலாம்? ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். இருபது அடி நீளம், பத்து அடி அகலத் தகரக் கூரை என்றால் ஏறக்குறைய 18 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு, சிந்தியது சிதறியது போக, 150 லீற்றர் கிடைக்கும். 200 லீற்றர் பரல், அதாவது பீப்பாய், ஒன்று முக்கால்வாசி நிரம்பிவிடும். பத்து லீற்றர் பூவாளியால் நாளுக்கு இரண்டு தடவை ஊற்றினால் ஒரு பரல் பத்து நாளைக்கு வரும். முழு வரட்சிக்கும் காணாதுதான். ஆனால் மழை விட்டுப்போகும் அந்தப் பத்து நாளில்தான் போஞ்சியும் கோவாக் கன்றும் கருகுகின்றன.

பதுளை மாவட்டத்தில் 1995 அளவில் சமூக நீர் வழங்கல் திட்டத்தில் மழைத் தண்ணீருக்கு 5000 லீற்றர் சீமெந்துத் தொட்டிகள் கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்குத் தொட்டி கட்டச் சொந்த நிலம் ஏது? அவருக்குப் பரல்தான் சரிவரும். ஆனால் ஒரு விஷயம், லயத்துக் கூரை ஒரே நீளக் கூரை. அடுத்த வீட்டுக் காம்பராவின் தண்ணீரும் உங்கள் கூரைப் பீலிக்கு வரலாம். முதலிலேயே பேசிக்கொண்டால் சண்டை மிச்சம்.

பூச்சிமருந்து வந்த பரலை வாங்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். வீட்டுக்குக் கீழே மரக்கறிப் பாத்தி இருந்தால் பரலைக் கல் அடுக்கி உயரத்தில் வையுங்கள். ஒரு ஹோஸ் போதும், தண்ணீர் தானாக இறங்கும். நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் கல் ஆடக்கூடாது. நாள்பட்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் பத்து நிமிட மழையைப் பிடிக்காமல் விடுங்கள். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதோடு போகட்டும். இது தோட்டத்துக்குத்தான், குடிக்க அல்ல.

அப்புறம் நுளம்பு. குளிருக்கு டெங்கு வராது என்பார்கள். கண்டி, கம்பளைப் பக்கம் அந்தப் பேச்சு எடுபடாது. பரலின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை பரலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே பரல் காலியானதும் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதெல்லாம் எங்கேயும் சொல்வதுதான். மலையில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு. பெருமழையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தச் சின்னக் கூரையிலிருந்தே 1500 லீற்றருக்கு மேல் இறங்கும். பரல் 200 ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே போகிறது? முன்பு கூரை நீளத்துக்கும் பரவி விழுந்த தண்ணீரை நாம் பீலி போட்டு ஒரே மூலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்த மூலை, வீடு கட்ட வெட்டிய மண்மேட்டின் விளிம்பாக இருந்தால் வினைதான். மண்ணுக்குள் தண்ணீர் ஊற ஊறச் சரிவின் பாரம் கூடும், பிடிமானம் தளரும். 2014 இல் பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவாக மலை இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சமவெளியில் குழி வெட்டி மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவார்கள். கிணறு ஊறும், நல்லது. அதைப் பார்த்துச் செங்குத்துச் சரிவில், வீட்டுக்கு மேலேயோ கீழேயோ, குழி வெட்டாதீர்கள். பரலின் வாய்க்குச் சற்றுக் கீழே, பீலிக் குழாயைவிடச் சிறுக்காத ஒரு குழாய் பொருத்தி, நேராகக் கல் பதித்த வடிகால் கானுக்கு விடுங்கள். கான் இலையும் பொலித்தீனும் அடைத்துக் கிடந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பரல் பிறகு வாங்கலாம்.

பரல் வைத்தவர்கள், அடுத்த நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். வழிகிற தண்ணீர் கானில் ஓடுகிறதா, இல்லை அத்திவாரத்தடியில் மண்ணைக் கிளறுகிறதா? கிளறினால் அன்றைக்கே பீலியைப் பரலிலிருந்து கழற்றிக் கானுக்குத் திருப்பிவிடுங்கள். குழாயைச் சரிசெய்த பிறகு மாட்டலாம்.

நன்றி, வணக்கம்.