கூவாத குயில்: பறவையிலிருந்து வாத்திய இசை அமைப்பது எப்படி?

[ஒலி: ஆண் குயிலின் கூவல். திரை கறுப்பு.]

பறவையை வைத்து ஒரு வாத்திய இசை அமைக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புல்லாங்குழலைத்தான் எடுப்பார்கள். மேல் ஸ்தாயியில் இரண்டு பிருகா (வேகமான ஸ்வரக் கொத்து), பறவை வந்துவிட்டது. சரி, மீதி நான்கு நிமிடத்துக்கு என்ன வாசிப்பது?

இப்போது கேட்ட குயிலையே எடுத்துக்கொள்வோம். ஒரே கூவலைத் திரும்பத் திரும்பக் கூவுகிறது. ஒவ்வொரு முறையும் சுருதி கொஞ்சம் ஏறுகிறது, சத்தமும் கூடுகிறது. உச்சத்தில் சட்டென்று நிறுத்திவிடுகிறது. ஆதார ஸ்வரமான ஷட்ஜத்துக்கு இறங்கி வந்து முடிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. ஒரு பகுதியை எப்படிக் கட்டி, எங்கே வெட்டுவது என்பதற்கான வரைபடம் அந்தக் கூவலிலேயே இருக்கிறது.

[திரை: ஒலி அலைகள், மெல்ல நீள்கின்றன.]

எல்லாப் பறவைகளும் குயில் மாதிரி நிதானமானவை அல்ல. பல பறவைகளின் பாட்டு நம் காதுக்கு வெறும் கீச்சொலி. அதைப் பதிவு செய்து வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’-விலிருந்து அடுத்த ‘ச’ வரை உள்ள தூரம், இறங்கும். கால் பங்காக்கினால் இரண்டு ஸ்தாயி. மென்பொருளில் சுருதியை மாறாமல் வைக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். கீச்சொலிக்குள் ஒளிந்திருந்த நெளிவும் இடைவெளியும் அப்போது தனித்தனியாகக் கேட்கும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் காட்டுக்கே போய்ப் பறவைப் பாட்டுகளை ஸ்வரக் குறிப்பாக எழுதியவர். அவரும் வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியை இறக்கித்தான் வாத்தியத்துக்குக் கொண்டுவந்தார். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஸ்வரம் கிடையாது என்பதால் பறவையின் நுண்ணிய இடைவெளிகளையும் பெரிதாக்கினார். வயலினும் வீணையும் வாசிப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கியும் அசைத்தும் வாசிக்கும் கமகம் இருக்கிறதே!

[திரை: காக்கைக் கூடு. அதில் குயில் குஞ்சு.]

என்னைக் கேட்டால், குரலை விட நடத்தையில்தான் சரக்கு அதிகம். குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும். காக்கை அந்தக் குஞ்சைத் தன்னுடையதாக நினைத்து ஊட்டி வளர்க்கும். இதை அப்படியே இசையின் அமைப்பாக்கலாம். வயலின் ஒரு மெட்டை வாசிக்கிறது. அது மூச்சு விடும் இடத்தில் கிளாரினெட் மூன்றே ஸ்வரங்களை வைத்துவிட்டு விலகுகிறது. அடுத்த சுற்றில் வயலினே அந்த மூன்றையும் சேர்த்து வாசிக்கிறது. சுற்றுக்குச் சுற்று அந்தத் துணுக்கு வளர்கிறது, வயலினின் சொந்த மெட்டு சுருங்குகிறது. கடைசியில் வயலின் வாசிப்பது முழுக்க அடுத்தவர் மெட்டு. இதில் ஓரிடத்திலும் குயில் கூவவில்லை என்பதைக் கவனியுங்கள்.

[திரை: வானில் சுழலும் ஸ்டார்லிங் (மைனா குடும்பப் பறவை) கூட்டம்.]

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் இல்லை. ஒவ்வொரு பறவையும் தன்னை ஒட்டிய ஆறேழு பறவைகளுக்கு ஏற்பத் திரும்புகிறது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எட்டு வாத்தியங்களிடம் தாளம் கொடுக்காமல் ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள்: பக்கத்தில் இருப்பவர் ஸ்வரம் மாறினால், கொஞ்சம் தாமதித்து நீங்களும் மாறுங்கள். யாரோ ஒருவர் அசைந்தால் போதும், அலை கிளம்பிவிடும். ஒத்திகையில் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

நிஜப் பறவைக் குரலையே சேர்க்கலாமா? தாராளமாக. பின்லாந்து இசையமைப்பாளர் ரௌட்டவாரா 1972-இல் பறவைப் பதிவுகளோடு ஆர்கெஸ்ட்ராவை இணைத்தார். ஒரு பகுதியில் வானம்பாடி வகைப் பறவை ஒன்றின் குரலை இரண்டு ஸ்தாயி இறக்கியும் வைத்தார். பதிவு ஒலிக்கும்போது வாத்தியம் அதையே திருப்பி வாசிக்காமல் இருந்தால் நல்லது. பக்கத்திலேயே அசல் இருக்கும்போது நகல் எடுபடாது.