ஆட்டம் தேய்ந்தால் பந்தின் விலை தேயுமா?

வணக்கம்.

நான் விளையாட்டு வீரன் அல்ல. வீரர்கள் தொட்ட பந்து, பிடித்த மட்டை, கையெழுத்துப் போட்ட படம், வீரர்கள் படம் அச்சிட்ட பழைய அட்டைகள் என்று சேர்த்துச் சேர்த்து வீட்டில் நடக்கிற இடத்தைக் குறைத்தவன். இந்தப் பழக்கம் உள்ளவனைப் பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உங்க ஆள் இப்ப சரியாவே ஆடறதில்லையே, நீங்க வச்சிருக்கிறதுக்கெல்லாம் விலை இறங்கிடுமே?” கேட்கும்போது அவர்கள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷமும் தெரியும். இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் கொடுக்கிற விலையில் இரண்டு பங்கு கலந்திருக்கிறது. ஒரு பங்கு, அந்த ஆள் செய்து முடித்துவிட்டதற்கு. இன்னொரு பங்கு, இனிமேல் செய்யப் போகிறார் என்று நாம் நம்புவதற்கு. ஆட்டம் சரியும்போது அடி விழுவது இந்த இரண்டாவது பங்கின் மேல்தான். முதல் பங்கை அது அநேகமாகத் தொடுவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் கதை.

கிரிக்கெட்டில் பிராட்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் ஓவல் மைதானத்தில் அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். நான்கே ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு. இரண்டாவது பந்திலேயே அவுட், பூஜ்யம். அதனால் அவருடைய பொருள்களின் மதிப்பு குறைந்ததா? அந்த 99.94 என்ற எண்ணையே இன்று சேகரிப்பாளர்கள் மந்திரம் போலச் சொல்கிறார்கள். 1928இல் முதல் டெஸ்ட் தொடரில் அவர் அணிந்த பச்சைத் தொப்பி 2020இல் நாலரை லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது.

பேஸ்பாலில் பேப் ரூத் இன்னும் மோசமாக முடித்தார். 1935இல், நாற்பது வயதில், உடம்பு பெருத்து, ஓட முடியாமல், அந்தப் பருவத்தில் அவருடைய அடி சராசரி .181. நல்ல ஆட்டக்காரனுக்கு .300 இருக்க வேண்டும் என்பார்கள். நடுவிலேயே விலகிவிட்டார். ஆனால் 1932 உலகத் தொடரில் அவர் போட்டிருந்த சட்டை 2024 ஏலத்தில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு விற்றது. 1935ஐ யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மரடோனாவும் அப்படித்தான். 1994 உலகக் கோப்பையின் நடுவில் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி வெளியேற்றப்பட்டவர். 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக, கையால் தட்டிவிட்டு ‘கடவுளின் கை’ என்று பெயர் வாங்கிய அந்தக் கோலை அடித்த நாளில் அவர் போட்டிருந்த சட்டை 2022இல் 71 லட்சம் பவுண்டு.

சரி, அப்படியென்றால் யாருக்குத்தான் விலை விழுகிறது? இன்னும் எதையும் செய்து முடிக்காதவருக்கு. பிரையன் டெய்லர் என்று பேஸ்பாலில் பந்து வீசும் ஓர் இளைஞர். 1991இல் நியூயார்க் யாங்கீஸ் அணி நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து, பதினைந்தரை லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஆளாளுக்கு அவர் அட்டைகளை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போனது. மேஜர் லீக் என்கிற உச்சமட்டப் போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அட்டை முழுக்க நம்பிக்கை மட்டும்தானே இருந்தது? நம்பிக்கை போனதும் மிஞ்சியது காகிதம்.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாம் பிரேடி, அமெரிக்கக் கால்பந்தில் சூப்பர் பவுல் என்கிற சாம்பியன் கோப்பையை ஏழு முறை வென்றவர். 2022 ஜனவரி 23. வயது நாற்பத்து நான்கு. அன்று அவர் எறிந்த ஒரு நீளமான பந்தை அவர் அணியின் மைக் எவன்ஸ் பிடித்து டச் டவுன் ஆக்கினார், நம் கால்பந்தில் கோல் போடுகிற மாதிரி. பிடித்தவர், வழக்கம்போல, பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். ஆட்டத்தில் அணி தோற்றது. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 1, பிரேடி ஓய்வு அறிவித்தார். அவ்வளவுதான், கூட்டத்துக்குள் விழுந்த அந்தப் பந்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது: பிரேடியின் கடைசி டச் டவுன் பந்து. ஏலத்துக்கு வந்தது. மார்ச் 12ஆம் தேதி முடிந்த ஏலத்தில் விலை 5,18,628 டாலர்.

மறுநாள், கவனியுங்கள், மறுநாளே, மார்ச் 13ஆம் தேதி, “நான் மறுபடியும் ஆட வருகிறேன்” என்று பிரேடி அறிவித்துவிட்டார்!

வாங்கியவர் அந்த ராத்திரி தூங்கியிருப்பாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நல்ல வேளையாக, இரு தரப்பும் பேசி அந்த விற்பனையையே ரத்து செய்தார்கள். ஆனால் இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். பந்து அதே பந்து. தோல் கிழியவில்லை, காற்று இறங்கவில்லை. ஆடுகிறவரும் மோசமாகிவிடவில்லை. ஒரே ஒரு சொல் போய்விட்டது: ‘கடைசி’. அந்த ஐந்து லட்சத்தில் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது. நாம் எல்லாரும் ஆட்டம் சரிந்தால் விலை சரியும் என்று பயப்படுகிறோம். இங்கேயோ, ஓய்ந்துவிட்டார் என்று நம்பி ஏறிய விலை, ஓயவில்லை என்று தெரிந்ததும் விழுந்தது. அடுத்த பருவத்தில் அவர் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம், 2023இல் உண்மையாகவே ஓய்வு பெற்றார். அந்தச் சுமாரான கடைசிப் பருவத்தால் அவருடைய பழைய ஏழு கோப்பைகளில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதற்காக, நடந்து முடிந்த பங்குக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேஸ்பாலில் மார்க் மக்குவயர் 1998இல் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. எழுபதாவது பந்தை, காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் சுமார் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். பேப் ரூத்தின் 60 என்ற சாதனை முப்பத்து நான்கு வருடம் நின்றது. அதைத் தாண்டிய 61 முப்பத்தேழு வருடம் நின்றது. இந்த 70 எத்தனை வருடம் நின்றது தெரியுமா? மூன்று. 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். அதே 2001இல் மக்குவயரின் சராசரி .187, ஓய்வு. 2010இல் ஸ்டீராய்டு எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

ஆக, மூன்று அடி விழுந்தது. இதில் எது பெரிது? என் கணிப்பில், ஆட்டம் சரிந்ததுதான் மிகச் சிறியது. வயதானால் சரியும், ரசிகன் மன்னிப்பான். சாதனை உடைந்தது அதைவிடப் பெரிது. பாண்ட்ஸின் 73ஆவது பந்தையும் 2003இல் அதே மெக்ஃபார்லேன்தான் வாங்கினார். விலை நாலரை லட்சம் டாலர். சாதனை பெரிது, விலை சின்னது! மூன்று வருடத்தில் ஒருமுறை உடைந்தது மறுபடியும் உடையும் என்ற எண்ணம் வந்துவிட்டது. மூன்றாவது அடி, ஏமாற்று. அதுதான் நடந்து முடிந்ததையே பின்னால் போய்க் கெடுப்பது. ஆட்டம் தேய்வதையும் பெயர் கெடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இன்னொன்று. யாரும் ஆடாமலே விலை விழும். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கடைசியாக ஆடியது 2003இல். அவருடைய 1986 அட்டை, ஒரு கீறல்கூட இல்லாதது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. சில மாதங்களிலேயே அதே தரத்து அட்டை அதில் பாதிகூடப் போகவில்லை. ஜோர்டன் என்ன தப்பு செய்தார்? வாங்குகிறவர்களுக்கு வந்த காய்ச்சல் இறங்கியது, அவ்வளவுதான்.

அப்புறம் கையெழுத்து. ஆட்டத்தோடு சேர்ந்து கையும் தேய்கிறதை நேரில் பார்க்க வேண்டுமானால் முகமது அலியின் கையெழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 1960களின் ஆரம்பத்தில் கேஷியஸ் கிளே என்ற பழைய பெயரில் போட்டது ஒரு மாதிரி, உலகச் சாம்பியனாக இருந்தபோது வீச்சும் வேகமும், பார்க்கின்சன் நோய் வந்த பிறகு சுருங்கி நடுங்கிய எழுத்து. அலி கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர். ஓய்வுக்குப் பின் போட்டது ஏராளம், அதனால் அவற்றுக்கு விலை குறைவு. இதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. எண்ணிக்கை கூடினால் விலை குறையும். ஆனால் அந்த நடுங்கிய கையெழுத்து ஒன்று என்னிடம் இருந்தால் நான் விற்கவே மாட்டேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். போலிகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது போல. ஒரு வார்த்தை மட்டும்: பெரிய வீரர் ஓய்வு பெறுகிற வாரத்தில் எதையும் வாங்காதீர்கள், போலிகள் அதிகம் உலவுவது அப்போதுதான். எந்த ஆட்டத்தில், எந்த நாளில் என்பதைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்தால் பேசுங்கள், இல்லையென்றால் வேண்டாம். மை மங்குவதைப் பற்றியும் சொல்ல இருந்தது. வெயில் படாத இடத்தில் வையுங்கள். வணக்கம்.