லோடு ஏற்றினால் உட்காரும் பிக்கப்: பட்டை சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

வணக்கம் நேயர்களே.

பொலிரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் என்று எந்தச் சின்ன சரக்கு வண்டியை எடுத்தாலும், பின்பக்கம் பாரத்தைத் தாங்குவது பட்டைதான், அதாவது அடுக்கடுக்காக வளைந்த லீஃப் ஸ்பிரிங். லோடு ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் தூக்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) போய் ஸ்டாப்பர் ரப்பரில் இடித்தால், நேராகப் பட்டறைக்குப் போய் "ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க" என்று சொல்வதுதான் வழக்கம். சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் எதனால் உட்காருகிறது என்று முதலில் தெரியவேண்டும்.

அதற்கு ஒரு டேப்பும் ஓர் எடை மேடையும் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, காலி வண்டியில் ஹவுசிங்குக்கும் ஸ்டாப்பர் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான லோடை ஏற்றிய பிறகு மறுபடி அளக்கவேண்டும். எடை மேடையில் முழு வண்டியை ஒருமுறையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறையும் எடை போடுங்கள். முழு எடையை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். டிரைவர், கிளீனர், டீசல் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

காலி வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை உடைந்திருக்கும், அல்லது பட்டை நுனியைச் சேஸிஸோடு சேர்க்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருக்கும். விரிசல் பெரும்பாலும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையிலும், அவற்றை அச்சோடு இறுக்கும் யூ-போல்ட் பிடிக்கும் விளிம்பிலும்தான் விழும். மண் மூடியிருந்தால் தெரியாது. கம்பி பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தால் மெல்லிய துருக்கோடாகத் தெரியும். இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்துவிட்டது. புது செட்தான் வழி. பழைய பட்டைக்கு கேஸ் வைத்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் எஃகுக்கு வலுவே எண்ணெயில் குளிரவைத்து, அளவான சூட்டில் பதப்படுத்துவதால் வருவது. கேஸ் நெருப்பு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

பலர் இந்த இடத்தில் ஷாக் அப்சார்பரை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். சாதாரண ஷாக் அப்சார்பர் பாரம் தாங்காது. ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை.

லோடு வைக்கும் இடத்தையும் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 133 கிலோ. முன் அச்சிலிருந்து 33 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். 1000 லிட்டர் தண்ணீர் டேங்க் ஏற்றுபவர்கள் டேங்கைக் கேபினை ஒட்டி நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆர்.சி. எடைக்குள் லோடு ஏற்றியும் ஸ்டாப்பரில் இடிக்கிறது என்றால், அப்போது பட்டையைப் பலப்படுத்தலாம். 5 பட்டை உள்ள செட்டில் அதே கனத்தில் இன்னொன்று சேர்த்தால் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனமான பட்டையாகப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்கவேண்டாம். ஒரு பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடியாக ஏறும்: 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். மற்றவை வளையும் அளவுக்கே அதுவும் வளையவேண்டியிருப்பதால் அதில்தான் அழுத்தம் அதிகம். முதலில் உடைவதும் அதுதான். சேர்க்கும் பட்டை பக்கத்துப் பட்டையின் கனத்திலேயே, வரிசைக்கு ஏற்ற நீளத்தில், மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவோடு இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்யவேண்டும்.

போகும்போது லோடு, வரும்போது காலி என்று ஓடும் வண்டிக்கு என் தேர்வு ஹெல்பர் பட்டை. காலியில் அதன் நுனிகள் எதையும் தொடாது. பாதி லோடு ஏறியதும் தாங்கும்படி அமைத்தால் காலி வண்டி தூக்கிப்போடாது. பட்டைக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பையான ஏர் பேக்கும் வசதிதான், காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டை இரண்டு முனையில் சேஸிஸுக்குக் கொடுக்கும் பாரத்தின் ஒரு பகுதியை ஏர் பேக் அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் கொடுக்கிறது. பின்னால் நீண்டு தொங்கும் லோடோடு மோசமான ரோட்டில் ஓடினால் அந்த இடத்தில் சேஸிஸ் வளையும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்கவேண்டும். ஹவுசிங் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கக்கூடாது. பழைய யூ-போல்ட் ஏற்கெனவே இழுபட்டது, அதைத் திரும்பப் போடக்கூடாது. பட்டை கூடினால் போல்ட் நீளமும் கூடவேண்டும். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) முறுக்கவேண்டும். இது தளர்ந்தால் பாரமெல்லாம் சென்டர் போல்ட்டில் விழுந்து அது அறுந்து, அச்சு நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுக்கவேண்டும். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். பல பிக்கப்புகளில் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்குச் சின்னக் கம்பி ஒன்று போகும். வண்டி உட்காரும் அளவை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று அந்த வால்வு தீர்மானிக்கிறது. பட்டை சேர்த்ததும் லோடோடுகூட வண்டி உயர்ந்து நிற்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால் வால்வைப் புது உயரத்துக்கு, கம்பெனி முறைப்படி மறுபடி செட் செய்தே ஆகவேண்டும். கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவது அதைவிட ஆபத்து: காலி வண்டியில், மழை ரோட்டில், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் சுழற்றும்.

எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி.யில் அனுமதித்த எடை அதிகமாகிவிடாது. ஹவுசிங், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பாரத்தை இறக்கும் செலவும் நம் தலையில்.

வேலை முடிந்ததும் ஹெட்லைட் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். முதல் லோடு அடித்து வந்ததும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை, யூ-போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து, அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.