கடுகின் காரம் இலையிலேயே இருக்கட்டும்

நண்பர்களே, எண்ணெய்வித்துப் பயிர்களைப் பற்றிப் பேசினால் எல்லோரும் எண்ணெயிலேயே நின்றுவிடுகிறோம். நான் புண்ணாக்கிலிருந்து தொடங்குகிறேன்.

கடுகுப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருக்கிறது. ஆனாலும் கோழித் தீவனத்தில் அதைத் தாராளமாகச் சேர்க்க முடியாது. விதையில் இருக்கும் குளுக்கோசினோலேட் என்ற பொருள்தான் காரணம். கடுகின் காரமும் நெடியும் அதிலிருந்தே வருகின்றன. அளவு மிஞ்சினால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். ஒரு கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கனோலா என்ற, காரம் குறைந்த எண்ணெய்வித்துக்கான அளவுகோல். நம் நாட்டுக் கடுகு அதைப் பல மடங்கு தாண்டுகிறது.

சரி, குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். செடிக்கு அந்தக் காரம்தான் காவல். செடி முழுவதும் குறைத்துவிட்டால் புழுவும் பூஞ்சையும் வயலை முடித்துவிடும்.

டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. இலையிலும் காயுறையிலும் இருக்கும் குளுக்கோசினோலேட்டை விதைக்குச் சுமந்து போக, ஜிடிஆர் எனப்படும் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. 'வருணா' என்ற கடுகு ரகத்தில், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியால் அந்தக் கடத்திகளின் மரபணுக்களை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். கடுகு இரண்டு மூதாதைச் செடிகள் கலந்து உருவான பயிர். அதனால் ஒரே மரபணுவுக்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்றை விட்டாலும் கடத்தல் தொடரக்கூடும். சாதாரணக் கலப்பினச் சேர்க்கையில் இத்தனை பிரதிகளையும் ஒரே நேரத்தில் பிடிப்பது மிகக் கடினம். 2023-இல் வெளியான முடிவில் விதையில் குளுக்கோசினோலேட்டின் அளவு அந்த 30-க்குக் கீழே இறங்கியிருந்தது. இலையில் காரம் அப்படியே நின்றது. புரொடீனியா புழுவையும் தண்டழுகல் பூஞ்சையையும் செடி முன்போலவே தாங்கியது.

வெளி மரபணு எதுவும் தங்காத இத்தகைய பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பகுதிகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அப்புறம் ஒன்று: வங்காளத்துச் சமையலுக்கு நெடியுள்ள எண்ணெய்தான் வேண்டும். பழைய கடுகையும் தனியே காப்பாற்றியாக வேண்டும்.

என் கவலை வேறு. கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் இருக்கின்றன. விதை கடைக்கு வருவதற்கு முன்பே அரசு அவர்களோடு பேசி உரிமத்தை முடிக்க வேண்டும். அந்தச் செலவு கடுகு பயிரிடும் ராஜஸ்தான் விவசாயி வாங்கும் விதைப் பையின் விலையில் ஏறக்கூடாது.