கப்பல் வந்தால்தான் அம்மா வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொலைதூரத் தீவில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் புகுந்த ஊரே சொந்த ஊராகிவிடும் என்று எதிரணித் தோழி சொன்னார். ஆகாது என்கிறேன் நான்.

அவர் காட்டிய டிரிஸ்டன் டா குன்ஹா தீவையே எடுத்துக்கொள்வோம். தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கிறது. 250 பேர்கூட இல்லை. விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர், கப்பலில் ஒரு வாரம். வருடத்துக்குச் சில கப்பல்கள்தான். சரி, கப்பல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துறைமுகம் சின்னது என்பதால் அது கடலில் தள்ளியே நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை எழும்பினால் படகு இறங்காது. கட்டிய பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கண்ணெதிரே நிற்கும் கப்பலைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவுக்கு முடியவில்லை என்று சேதி வந்த மகள் அந்த வாசலில் எப்படி உட்கார்ந்திருப்பாள்? புருஷனிடம் கோபித்துக்கொண்டு நாலு நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரும் வழிகூட அவளுக்கு இல்லையே!

1827-இல் அதே கடலில் இருக்கும் இன்னொரு தீவான செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து அங்கே குடும்பம் நடத்தவில்லையா என்று கேட்டார். நடத்தினார்கள். நினைத்தபோது திரும்பிப் போக அவர்களுக்குக் கப்பல் இருந்ததா? இன்னொருவரையும் சொல்கிறேன். அந்தக் குடியிருப்பைத் தொடங்கிய வில்லியம் கிளாஸின் மனைவி மரியா, கேப் பகுதியிலிருந்து போனவர். 16 பிள்ளைகளைப் பெற்றவர். 1853-இல் கணவர் இறந்தார். 1856-இல் மக்கள், பேரப்பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார் அந்த அம்மா. நாற்பது வருடம் வாழ்ந்த தீவு, நடுவர் அவர்களே!

அப்புறம் 1961-இல் அந்தத் தீவில் எரிமலை வெடித்த கதைக்கு வந்தார் தோழி. தீவு மக்கள் எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1963-இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், அதுதான் தீவின் பாசம் என்றார். உண்மைதான். ஆனால் திரும்பியவர்கள் யார்? அநேகமாக எல்லோரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். இங்கிலாந்தில் வீடு, வேலை, கூப்பிட்டால் வர டாக்டர், எல்லாம் கிடைத்தும் பிறந்த மண் அவர்களை இழுத்தது. அதே இழுப்பு, வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு மட்டும் இருக்காதா?

நன்றி, வணக்கம்.