எழுநூறு மீற்றருக்கு எதற்கு எஞ்சின்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் வளாகம் இருக்கும் கோணேசபுரியின் மணலைச் சப்பாத்திலிருந்து உதறிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

"பல்கலைக்கழக வளாகத்துக்குள் பாதுகாப்பானதும் நீடித்து நிலைப்பதுமான பயணம் நடையா, மோட்டார் சைக்கிளா?" இதுதான் தலைப்பு. இதில் 'வளாகத்துக்குள்' என்ற சொல்லை எதிரணியினர் வசதியாக மறந்துவிட்டார்கள். திருகோணமலை நகரத்திலிருந்து உப்புவெளி தாண்டி நடந்து வா என்று, நடைக்காக வாதாடும் நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பஸ் இருக்கிறது. படலை தாண்டிய பிறகு என்ன செய்வது என்பதுதான் எங்கள் பேச்சு.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி, மோட்டார் சைக்கிளில் நேரம் மிச்சம் என்று பிடித்துக்கொண்டார். கணக்கைப் பார்ப்போம் தம்பி. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம் 700 மீற்றர் என்று வைப்போம். மணிக்கு 5 கிலோமீற்றர் நடையில் எட்டரை நிமிடம். மோட்டார் சைக்கிள் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் திறப்பைத் தேட வேண்டும், தலைக்கவசம் கொழுவ வேண்டும், நெருக்கி நிற்கும் வண்டிகளுக்குள் இருந்து பின்னுக்கு உருட்ட வேண்டும், போன இடத்தில் நிழல் பார்த்து நிறுத்திப் பூட்ட வேண்டும். மிஞ்சுவது எவ்வளவு? எஞ்சினைக் கேட்டால் இன்னும் கவலையாகச் சொல்லும். சூடேறுவதற்குள் அணைக்கப்படுகிற எஞ்சின் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஒயிலில் கலக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீடு காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களில், இந்த 700 மீற்றருக்கு யாராவது கிக்கரை உதைத்தீர்களா?

பாதுகாப்புக்கு வருகிறேன். 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஆளைக் கண்டு பிறேக்கைத் தொடும் ஒரு வினாடிக்குள் 8 மீற்றர் ஓடிவிடும். பிடித்த பிறகு நல்ல காய்ந்த தாரில் இன்னும் 5 மீற்றர். மொத்தம் 13. அதே கணக்கு 50 இல் 28 மீற்றர். இது மணல் இல்லாத தாருக்கு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அள்ளிப் போட்ட மணல் வளைவில் கிடந்தால் முன்சில்லு பிடிப்பை விட்டுவிடும். முன் பிறேக்கை இறுக்கினவர் விழுவார். நடுவீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு ஹோர்னுக்கு எழும்பாது. நடப்பவர் அதைச் சுற்றிப் போய்விடுவார், மாட்டுக்கும் நிம்மதி.

நடப்பவர் பக்கமும் கடமை இருக்கிறது, மறைக்கவில்லை. நடைபாதை இல்லாத இடத்தில் வீதியின் வலப்பக்கம் நடக்க வேண்டும். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு காதிலும் இயர்போன் கூடாது.

நடக்க முடியாததற்குக் காரணமாக வெயில், மழை, இருட்டு என்று எதிரணியினர் அடுக்கினார்கள். இவை மூன்றும் நடையின் குறையா, பாதையின் குறையா? இதைத்தான் நடுவர் எடைபோட வேண்டும்.

மழையில் பாதை ஏன் கெடுகிறது? நம் கரையோர மணலில் இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். கீழே இறுக்கிய கிரவல் 10 முதல் 15 சென்ரிமீற்றர், அதன்மேல் 3 அல்லது 4 சென்ரிமீற்றர் மணல், அதன்மேல் 6 சென்ரிமீற்றர் கல். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஓரக்கட்டில் காசை மிச்சம் பிடிப்பார்கள். வாடை மழை வந்ததும் ஓரத்தால் மணல் கழுவுப்படும், கடைசி வரிசைக் கல் சரியும், அதற்குப் பக்கத்துக் கல் ஆடும், மிதித்தால் கீழே நிற்கும் சேற்றுத் தண்ணீர் வேட்டியில் அடிக்கும். அப்புறம் "நடக்கவே முடியாது" என்று இங்கே வந்து பேசுவார்கள்! இருபுறமும் கொங்கிரீட் ஓரம் வேண்டும். 1.8 மீற்றர் அகலம் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போகலாம். அந்த அகலத்துக்கு ஒரு பக்கம் 3.6 சென்ரிமீற்றர் தாழ்வாக இருந்தால் தண்ணீர் தேங்காது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே கொந்தராத்துக்காரரின் கைவேலை தெரிந்துவிடும். வீதியைக் கடக்கும் இடத்தில் பாதை இறங்கக் கூடாது, வீதிதான் ஏறி வர வேண்டும். 10 சென்ரிமீற்றர் மேடு போதும், வண்டி தானாக மெதுவாகும். பாதை வாயிலில் தூண் நட்டால் லொறி நிற்கும், மோட்டார் சைக்கிள் நிற்காது. சக்கர நாற்காலி நுழையும் 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் அதுவும் நுழைந்துவிடும். அங்கே காவலாளிதான் வேண்டும்.

இரவில் எப்படி நடப்பது என்று கேட்ட எதிரணி அக்காவின் கேள்வி நியாயமானது. வீதிக்குப் போடும் உயர்ந்த விளக்கு பாதைக்கு உதவாது, மரக்கிளைக்கு மேலே நின்று இலைக்குத்தான் வெளிச்சம் கொடுக்கும். நாலைந்து மீற்றர் உயரத்தில் பாதைக்கென்றே விளக்கு வேண்டும். இருபக்கமும் ஒரு மீற்றருக்குப் புல் வெட்டியிருக்க வேண்டும், புடையன் பாம்பு கிடந்தால் தெரியும். மூடிய சப்பாத்தும் கையில் ரோர்ச்சும் இருக்கட்டும்.

வெயில்தான் பெரிய வழக்கு. தெற்கு வடக்காகப் போகும் பாதைக்கு மேற்குப் பக்கம் மரம் வேண்டும், பிற்பகல் இரண்டு மணி விரிவுரைக்குப் போகிறவரின் தலையில் நிழல் விழும். வேம்பு இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் தாங்கும். ஏழெட்டு மீற்றருக்கு ஒன்று, பாதை ஓரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி. தென்னை வேண்டாம், அது நிழலும் தராது, தேங்காயையும் தலையில் போடும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு வேலையை மட்டும் சொல்லி இறங்குகிறேன். கன்று வைக்கிற காலம் ஐப்பசி, வாடை மழை மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிடும். சித்திரையில் அடிக்கல் விழாப் போல நட்டுப் படம் எடுத்தால் கச்சானில் குச்சிதான் நிற்கும். கன்றைச் சுற்றி ஆளுயரக் கூடு கட்டுங்கள். நான் சொன்ன அந்தக் கட்டாக்காலி மாடு இரவில் எழும்பும்.