சாணியச் சொல்லிச் சிரிச்சீங்களே அண்ணாச்சி!

நடுவர் ஐயாவுக்கும் கோயில் கொடைக்குக் கூடியிருக்கிற அம்பாசமுத்திரத்து மக்களுக்கும் வணக்கம். நாளைய சோற்றுக்கு வழி ரசாயன விவசாயமா, இயற்கை விவசாயமா? இயற்கை விவசாயமேன்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி கேட்டார்: "சாணியக் கரைச்சு ஊத்தி ஊருக்கே சோறு போட்ருவியளோ? இலங்கையப் பாத்தும் புத்தி வரலையா?" நீங்களும் கை தட்டுனீங்க. இதுக்குப் பதில் சொல்லாம நான் தலைப்புக்குள்ள போக மாட்டேன்.

சேரன்மகாதேவியில எங்க பெரியப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஒரு பிசானப் பருவத்துக்கு அம்பை 16 நெல்லு நட்டிருந்தார். பக்கத்து வயல் கொஞ்சம் கூடுதலாக் கறுத்து நின்னுது. பொறுக்குமா? யூரியாவ அள்ளி வீசிட்டார். பயிரு கருகருன்னு எந்திரிச்சிட்டு. வரப்புல போறவன் எல்லாம் நின்னு பாக்கான். "அண்ணாச்சி, என்ன போட்டிய? பயிரா இது, காடுல்லா!" பெரியப்பாவுக்குக் கால் தரையில பாவல. டீக்கடைக்குப் போறவனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதார். வீட்டுக்குச் சொந்தக்காரன் வந்தா முதல்ல காப்பி கிடையாது, வயக்காடு! பொண்ணு பாக்க வந்தவங்களையே வரப்புல நிறுத்திட்டார்னா பாத்துக்கிடுங்க.

கதிர் பால் பிடிக்கிற நேரம். நடு வயல்ல வட்டமாக் கருகி ஒரு திட்டு. இறங்கித் தூரை விலக்கிப் பாத்தார். தண்ணி மட்டத்துல தவிட்டு நிறத்துல அப்பிக் கிடக்கு. புகையான் பூச்சி! தழைச்சத்து கூடிப்போனா தண்டு இளசாயிரும், பூச்சிக்கு அது விருந்து. மருந்தடிச்சார். அந்த மருந்து, புகையானத் தின்னுற சிலந்தியையும் சேத்துக் கொன்னுட்டு. மறுபடி வந்த பூச்சியக் கேக்க ஆளில்ல. நெல்லு போச்சு. வைக்கோலாவது மிஞ்சிச்சேன்னு போட்டா, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. பெரியம்மா அன்னைக்குத்தான் அழுதா.

மறு வருஷம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிற பருவத்துல மடக்கி உழுதார். தொழு உரம் அடிச்சார். முதல் போகத்துல நெல்லு மூடை குறைஞ்சுது, அதையும் இதே மேடையில சொல்லுதேன். போகப் போக மண்ணு பொலபொலன்னு ஆச்சு. ஏர் ஓடினா பின்னாலயே கொக்கு இறங்கிச்சு. உரக்கடைப் பாக்கி அடைஞ்சுது. அண்ணாச்சி, நீங்க சிரிச்ச சாணி செஞ்ச வேலை அது!

இலங்கையில என்ன நடந்துது? 2021-ல ரசாயன உர இறக்குமதிய ஒரே உத்தரவுல நிறுத்தினாங்க. எரு சேக்க, பசுந்தாள் விதைக்க, விவசாயிக்கு அவகாசமே கொடுக்கல. அந்த நவம்பர்லயே தடைய வாபஸ் வாங்கினாங்க. அவசரக்காரன் பட்ட அடிய எரு மேல எழுதாதீங்க. அறிவியலுக்கும் நாங்க எதிரி இல்ல. அம்பை 16-ஐத் தந்ததே இந்த ஊரு நெல் ஆராய்ச்சி நிலையந்தான். இயற்கை விவசாயத்த ஊரெல்லாம் பரப்பின நம்மாழ்வார் ஐயாவும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர்தான். மானாவாரி ஏழைக்கு இந்த உரச்செலவு கட்டாதுன்னு வேலைய உதறிட்டு, நம்ம களக்காட்டுப் பக்கம் வந்து ஜனங்களோட ஜனமா நின்னார்.

தாய்மாரே, ஒரே ஒரு சேதி. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம். வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி அந்தக் குளத்துக்கு வருது. மஞ்சமூக்கு நாரை வீட்டு முற்றத்து மரத்துல கூடு கட்டுது. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணி வயலுக்கு எருவாப் பாயுது. பறவை பயப்படும்னு தீபாவளிக்கு அந்த ஊர்ப் பிள்ளைங்க வெடி போடுறதில்ல. பட்டாசு கேட்டு அழுற பிள்ளைய, "குஞ்சு பயந்துரும்யா"ன்னு மடியில போட்டுத் தேத்துறாளே, அவளும் தாய்தான! கூட்டுல இருந்து விழுந்த குஞ்சுக்கு மீன் ஊட்டி வளத்த கையும் அந்த ஊர்லதான் இருக்கு. அந்தக் குஞ்சு நாளைக்கு இரை தேடி இறங்குற வயல்ல விஷத்த அடிக்கச் சொல்ல எனக்கு நாக்கு வரல ஐயா.

நடுவர் அவர்களே, அந்தத் தாய் பக்கம் தீர்ப்பச் சொல்லுங்க. வணக்கம்.